ஜீரோ வீட்டுக்காரி

பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், பால் பாக்கெட் வந்ததற்கும் பேப்பர் வந்ததற்கும் நடுவிலான முக்கால் மணி நேரத்தில், அல்லிக்குட்டை நகர் சி பிளாக் முழுசாக ஒரு மாடி உயரத்துக்குப் பூமிக்குள் இறங்கிவிட்டது. அடுப்பில் இருந்த பால் தளும்பவில்லை, சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடவில்லை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் வாய் கொப்பளித்து நிமிர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் மட்டும் கொஞ்சம் உயர்ந்திருந்தது. பேப்பர் போடுகிறவர் சைக்கிளை ஒற்றைக் காலில் நிறுத்தி, வழக்கமாக வீசுகிற கீழ்வீட்டு வாசலைத் தேடிப் பார்த்தார். அது இல்லாததால் முதல் மாடி பால்கனியில் வீசிவிட்டு அடுத்த பிளாக்குக்குப் போனார்.

கீழ்வீட்டு தாட்சாயணி அப்போதுதான் கோலமாவுக் கிண்ணத்தோடு தெருவாசலைத் திறந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் தெரு இல்லை, மண் இருந்தது. செம்மண்ணும் கறுப்புக் களிமண்ணும் மடித்து அடுக்கிய ஜமுக்காளங்கள்போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்க, நெஞ்சுயரத்தில் ஒரு மண்புழு பாதி உடம்பை வெளியே நீட்டி, இந்தப் பக்கம் வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. யாரோ வீடு கட்டுகிறவர்கள் லோடு மண்ணை வாசலிலேயே கொட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு படிக்கட்டுப் பக்கத்துக் கதவைத் திறந்து, இருபது படி ஏறி, முதல் மாடிக்காரர்கள் தங்கள் பால்கனிக் கம்பிக்கு உள்ளே நின்றபடி தெருநாயை முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டபோது விஷயம் விளங்கியது. விளங்கியதும் அவளுக்கு வந்த முதல் நினைப்பு தன் வீடு மண்ணுக்குள் போய்விட்டதே என்பதல்ல. 'அப்படியென்றால் சலோமி இப்போது மூன்றாவது மாடி' என்பதுதான்.

சலோமி நாலாவது மாடிக்காரி. ஆறு வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேரும் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மேல்தோல் தைத்தவர்கள். ஒரே கத்தரிக்கோல், ஒரே பஸ், ஒருத்தி டிபன் பாக்ஸில் இன்னொருத்தி கை. குடியிருப்புக்கு மனுப் போட்டதும் ஒரே நாளில்தான். குலுக்கல் நடந்த அன்று எவர்சில்வர் குடத்துக்குள் கடைசியாக இரண்டு சீட்டுகள் மிச்சமிருந்தபோது, "நீ முதல்ல எடு தாட்சா" என்றாள் சலோமி. தாட்சாயணி கையை விட்டாள், ஒரு சீட்டைத் தொட்டாள், அது கொஞ்சம் கசங்கியிருந்ததால் விட்டுவிட்டு மற்றதை எடுத்தாள். பிரித்துப் பார்த்தால் பூஜ்ஜியம். கசங்கியதில் நாலு. எடுத்தது தன் கை, விட்டதும் தன் கை என்பதால் யார்மேலும் பழி போட முடியாமல் அந்த வருத்தம் தோலுக்குள் முறிந்துபோன ஊசிபோல உள்ளேயே தங்கிவிட்டது.

அந்தக் கட்டடத்து லிஃப்டில் கீழ்த்தளத்துக்கு 0 என்றுதான் பொத்தான் வைத்திருந்தார்கள். அதனால் அவள் ஜீரோ வீட்டுக்காரி ஆனாள். சிலிண்டர் கொண்டுவருகிறவர், ஓட்டுக் கேட்டு வந்தவர்கள், நாலு வயசுக் குழந்தைகள் எல்லோருமே அப்படித்தான் சொன்னார்கள். ஜீரோ வீட்டில் கொசு உண்டு, சாக்கடை வாசம் உண்டு, மேலே இருக்கிற நான்கு வீட்டுத் தண்ணீரும் குழாயில் இறங்குகிற சத்தம் உண்டு. நாலாவது மாடியில் காற்று உண்டு, மலை தெரியும், மலைமேல் ஏறுகிற மேகம் தெரியும். சலோமியின் வெள்ளைத் திரைச்சீலை சாயங்காலங்களில் ஜன்னலுக்கு வெளியே பறந்துவந்து ஆடும்; அதைப் பார்க்காமல் தாட்சாயணியால் ஒரு நாளும் வீட்டுக்குள் போக முடிந்ததில்லை. தன் மகள் மேகலாவுக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்த அன்றுகூட, ஹாஸ்டலில் விட்டுத் திரும்பி வந்தவள், சந்தோஷத்தோடு தலையை நிமிர்த்தி, திரைச்சீலையைப் பார்த்து, சந்தோஷம் பாதியாகக் குறைந்து உள்ளே போனாள். சலோமிக்குக் குழந்தை இல்லை என்பதும், மேகலாவுக்கு ஆறு வருஷமும் தலை பின்னிவிட்டவள் சலோமிதான் என்பதும் அந்தக் கணக்கில் எங்குமே சேரவில்லை.

கட்டடம் இறங்குவதற்கு முதல்நாள், நாலாவது மாடிக் கொடியில் காயப்போட்ட போர்வையிலிருந்து சொட்டிய தண்ணீரில் தாட்சாயணியின் வடாம் முழுவதும் கரைந்துபோயிருந்தது. 'இவள் வீடு ஒரே ஒரு மாடியாவது இறங்கி வந்தால் என்ன' என்று நினைத்தாள். நினைத்ததை யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் மண்ணைப் பார்த்த பிறகு சொல்கிற உத்தேசமே இல்லை.

அடுத்த செவ்வாயும் ஒரு மாடி இறங்கியது. அதற்கடுத்த செவ்வாயும். பொறியாளர்கள் ரசமட்டம் வைத்துப் பார்த்து, கட்டடம் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கிறது, தலைமுடி அளவு விரிசல்கூட இல்லை என்று எழுதிக் கொடுத்து, டீ குடித்துவிட்டுப் போனார்கள். ஐயர் வந்து பூசணிக்காய் உடைத்தார், பாதிரியார் வந்து ஜெபித்தார், பள்ளிவாசலிலிருந்து ஹஜ்ரத் வந்து ஓதினார். டி.வி.க்காரர்கள் இரண்டு நாள் காமிராவோடு உட்கார்ந்திருந்தும், யாரும் பார்க்கிற நேரத்தில் அது இறங்க மாட்டேன் என்றதால் அலுத்துப்போய்க் கிளம்பினார்கள். பிறகு சி பிளாக் ஜனங்கள் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். ஒவ்வொரு செவ்வாயும் வெல்டிங்காரர் தானாகவே வந்து, அந்த வாரம் தரைமட்டத்துக்கு வந்த மாடியின் பால்கனிக் கம்பியை அறுத்து வாசலாக்கிக் கொடுத்தார். சிலிண்டர்காரர் கீழே இறங்க மறுத்ததால் லிஃப்ட் குழிக்குள் கயிறு கட்டி இறக்கினார்கள். மண்ணுக்குள் போன வீட்டுக்காரர்கள் ஜன்னலில் வேர்கள் எட்டிப்பார்ப்பதைக் கண்டு, அதிலேயே சாவிக்கொத்தையும் கரண்டியையும் மாட்டப் பழகிக்கொண்டார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் தகராறு வந்தது. அது எண்களில்.

சங்கச் செயலாளர் கோதண்டராமன் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கதவில் எழுதிய எண் ஒன்று, இருக்கிற இடம் ஒன்று என்றால் தபால்காரர் என்ன செய்வார் என்று கேட்டு, படிக்கட்டுச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு நீலக்கோடு இழுத்து, தெரு மட்டத்தில் சுழி போட்டு, சுழிக்கு மேலே ஒன்று இரண்டு என்றும் கீழே மைனஸ் ஒன்று மைனஸ் இரண்டு என்றும் எழுதி, செவ்வாய்தோறும் அழித்து எழுதினார். பக்கத்திலேயே, எது பெரியது எது சிறியது என்பதில் சந்தேகம் வரக்கூடாதென்று, பறவை அலகு மாதிரி அடையாளங்களும் போட்டார். அலகு எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ அந்தப் பக்கம் பெரியது. தபால்காரர் ஒரு தடவை பார்த்தார், புரிந்துகொண்டார். வீட்டுக்காரர்கள்தான் புரிந்துகொள்ள மாட்டோம் என்றார்கள்.

"ரெண்டு பெருசா, ஒண்ணு பெருசா சார்?" என்று மைனஸ் இரண்டுக்குப் போன வீட்டுக்காரர் ஒருவர் இடுப்பில் கைவைத்துக் கேட்டார்.

"ரெண்டு."

"அப்ப எங்க மைனஸ் ரெண்டு, அவங்க மைனஸ் ஒண்ணைவிடப் பெருசுதானே? அலகை ஏன் அந்தப் பக்கம் திறந்து வெச்சிருக்கீங்க?"

"அய்யா, சுழியைத் தாண்டிக் கீழ போனா எல்லாம் திரும்பிக்கும். எவ்வளவு ஆழமோ அவ்வளவு சின்னது. நீங்க சின்னவர்னு சொல்லல, உங்க எண்ணு சின்னது."

"ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று அவர் கோபித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

தாட்சாயணி ஒரு ஓரமாக நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அதில் கோபம் வரவில்லை. அவள் நாலாவது செவ்வாய்க்காகக் காத்திருந்தாள்.

நாலாவது செவ்வாய் அன்று சலோமியின் வீடு தரைக்கு வந்தது. தாட்சாயணி குளித்து, வெளுத்த சேலையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு, எண்பது படியும் ஒன்று விடாமல் எண்ணி ஏறிப் போனாள். லிஃப்ட் இருந்தது, ஆனால் அது மாதத்தில் இருபது நாள் ஓடாது, அன்றும் ஓடவில்லை. அவள் என்ன பார்க்கப் போகிறாள் என்று அவளுக்குத் தெரியும்: ஜீரோ வீட்டுக்காரியாகிப்போன சலோமியின் முகம். அதை ஒரு தடவை பார்த்தால் போதும், ஆறு வருஷத்து ஊசி வெளியே வந்துவிடும்.

சலோமி வாசலாகிவிட்ட பால்கனியில் முருங்கைக்கீரை வாங்கிக்கொண்டிருந்தாள். ஆறு மாத வயிறு முந்தானைக்கு வெளியே லேசாகத் தெரிந்தது. நெற்றியில் வியர்வை, முகம் முழுக்கச் சிரிப்பு.

"தாட்சா, வா வா! பாரேன், கீரைக்காரம்மா வாசலுக்கே வந்துடுச்சு. இனிமே படியே ஏற வேணாம். இந்த நேரத்துல இப்படி ஆச்சே, கர்த்தர்தான் இறக்கி விட்டாரு."

"மலை தெரியலையே உனக்கு" என்றாள் தாட்சாயணி.

"மலையை யாரு பாக்குறா? தினம் அதேதானே."

தாட்சாயணி திரும்பிப் படி இறங்கினாள். முதல் இருபது படியில் ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாவது இருபதில் மூச்சு வாங்கியது. மூன்றாவது இருபதில், படிக்கட்டுச் சுவரில் கோதண்டராமன் அன்று காலை எழுதிய ஈர எழுத்தைப் பார்த்து நின்றாள். மேலே சுழி. கீழே மைனஸ் நாலு. சலோமியை நாலு மாடி இறக்கியாயிற்று, தன்னையும் நாலு மாடி இறக்கியாயிற்று. நேற்று எத்தனை படி தூரமோ இன்றும் அத்தனை படி தூரம். அலகு அன்றும் சலோமி பக்கம்தான் திறந்திருந்தது.

"எல்லாருக்கும் ஒரே மாதிரி கழிச்சா யாரும் யாரையும் தாண்ட முடியாதும்மா" என்றார் பெயின்ட் டப்பாவை மூடிக்கொண்டிருந்த கோதண்டராமன், அவள் எதையோ கேட்டுவிட்டாள் என்று நினைத்து.

ஜீரோ என்று யாராவது கூப்பிட மாட்டார்களா என்று ஏங்குகிற நாளும் வந்தது. ஜீரோ இப்போது சலோமியின் பெயர். அதில் தெரு இருந்தது, வெளிச்சம் இருந்தது, கீரை இருந்தது. தாட்சாயணி மண்ணடியில் பல்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஒரு காலத்தில் தான் காறித் துப்பிய எண்ணைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள்.

பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்த அவள் புருஷன் ஏகாம்பரம், சோறு குறைவாகச் சாப்பிடுகிறாளே என்று கேட்டபோது, "மண்ணு வாசம், எறங்க மாட்டேங்குது" என்றாள்.

சித்திரை இருபது கழிந்ததும் கத்திரி வெயில் பிறந்தது. அந்த ஊர் வெயில் சாதாரண வெயில் இல்லை. கொடியில் போட்ட துணி காய்வதற்கு முன்னால் வெளுத்துவிடும், காக்கைகள் நிழலிலிருந்து நிழலுக்கு நடந்துதான் போகும். மொட்டை மாடிக்கு நேர்கீழே இருந்த சலோமி வீட்டுத் தரையில் சப்பாத்திக் கல்போலச் சூடு ஏறியது, தெருப் புழுதி கூடவே வந்து சேர்ந்தது. அதே நேரத்தில் பூமிக்குள் வேறு ஒன்று நடந்தது. மைனஸ் ஒன்றில் மின்விசிறி ஓடினால் போதும் என்றானது. மைனஸ் இரண்டில் விசிறியும் வேண்டாம். மைனஸ் மூன்றில் போர்வை தேடினார்கள். மைனஸ் நாலில், தாட்சாயணியின் சமையலறை ஜன்னலில், களிமண் அடுக்குக்கு நடுவிலிருந்து விரல் கனத்துக்கு ஒரு ஊற்று கிளம்பி, கரும்புச் சாறு மாதிரி இனிக்கிற பச்சைத் தண்ணீர் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குள் ராப்பகலாக விழ ஆரம்பித்தது. நட்ட நடு மத்தியானத்தில் அவள் வீட்டில் மார்கழிக் குளிர் இருந்தது.

ஜனங்களின் பேச்சு ஒரே வாரத்தில் புரண்டுவிட்டது. "நாங்க மைனஸ் மூணு, நீங்க வெறும் மைனஸ் ஒண்ணுதானே" என்று படிக்கட்டில் ஒருவரை ஒருவர் இளப்பமாகப் பார்த்தார்கள். மைனஸ் இரண்டில் ஒரு பெண்ணுக்கு வரன் திகைந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து ஜன்னல் மண்ணைத் தொட்டுப் பார்த்து, ஜில்லென்று இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு தட்டு மாற்றினார்கள். ஒரு காலையில் யாரோ நீலக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்த அலகுகளையெல்லாம் சாக்பீஸால் கீழ்ப்பக்கம் திறந்திருக்கும்படி மாற்றிப் போட்டிருந்தார்கள். கோதண்டராமன் அழித்துச் சரியாகப் போட்டார். மறுநாள் மறுபடியும் மாற்றினார்கள். மூன்றாம் நாள் அவர், "எண்ணுக்கு வெயில் தெரியாது, எனக்குத் தெரியுது" என்று சொல்லிவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு தாட்சாயணி வீட்டு வராந்தாவில் படுக்க வந்துவிட்டார்.

எல்லோரும் வந்தார்கள். தர்பூசணி கொண்டுவந்தார்கள், மல்லிகைப்பூ கொண்டுவந்தார்கள், மைனஸ் நாலு அம்மா என்று கூப்பிட்டார்கள். தாட்சாயணி பாய் விரித்துப் போட்டு, யார் எந்த இடம் என்று தானே சொல்லி, சமையலறைத் தூணில் சாய்ந்துகொண்டு எல்லோர் முகத்தையும் பார்த்தாள். ஒரே ஒரு முகம் மட்டும் வராமலிருந்தது.

அதுவும் ஒரு நாள் வந்தது. சலோமி சுவரைப் பிடித்துக்கொண்டு எண்பது படி இறங்கி வந்தாள். வயிறு முன்னால் தள்ளியிருந்தது, கால் இரண்டும் வீங்கியிருந்தன, உதடு வெடித்திருந்தது. புருஷன் ஜான்சன் லாரியோடு மகாராஷ்டிரத்துக்குப் போய்ப் பதினைந்து நாளாகியிருந்தது.

"மத்தியானம் மட்டும் இங்க வந்து படுத்துக்கட்டா தாட்சா? மேல தரையில கால வைக்க முடியல."

தாட்சாயணி வாசற்படியை அடைத்தாற்போல நின்றாள். உள்ளே அந்த நேரத்தில் மூன்று பெண்கள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னைக்கு அவரோட அக்கா வூட்டு ஆளுங்க வர்றாங்க. எடம் பத்தாது."

"நாளைக்கு?"

"நாளைக்கும் இருப்பாங்க."

சலோமி அவள் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தாள். பிறகு, "சரி தாட்சா, ஒரு டம்ளர் தண்ணி குடு" என்றாள். குடித்தாள். டம்ளரை அவளே உள்ளே எட்டி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு ஏறிப் போனாள். தாட்சாயணி கதவோரம் நின்று காலடிச் சத்தத்தை எண்ணினாள். பன்னிரண்டு படிக்கு ஒரு தரம் சத்தம் நின்றது, பிறகு எட்டுக்கு ஒரு தரம், பிறகு நாலுக்கு ஒரு தரம். எண்பது வரைக்கும் எண்ணினாள். ஆறு வருஷம் காத்திருந்த ருசி அது, நாக்கில் வெல்லம்போல இருந்தது. ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் அதுவும் புளித்துப்போயிற்று. ஏனென்றால் தான் அவள் இடத்தில் இருந்திருந்தால் கேட்டிருக்கவே மாட்டோம் என்று தாட்சாயணிக்குத் தெரிந்திருந்தது. வெட்கப்படாமல் வந்து கேட்கவும், இல்லை என்றதும் கோபப்படாமல் தண்ணீர் வாங்கிக் குடிக்கவும் சலோமியால் எப்படி முடிகிறது என்று நினைத்தாள். அதையும் பார்த்து எரிந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம் படிப்படியாக உருண்டு இறங்கி வந்து, மைனஸ் நாலு வாசலில் தாட்சாயணியின் காலில் இடித்து நின்றது. சலோமியின் குடம்.

தாட்சாயணி ஓடியதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. மைனஸ் மூன்றுக்கும் மைனஸ் இரண்டுக்கும் நடுவிலான திருப்பத்தில் சலோமி ஒருக்களித்துக் கிடந்தாள். உடம்பு தொட முடியாதபடி கொதித்தது, வியர்வை நின்றுபோயிருந்தது. தாட்சாயணி போட்ட கூச்சலில் நான்கு மாடிக் கதவுகளும் திறந்தன. மேலே தூக்கலாம், ஆட்டோ பிடிக்கலாம் என்றார்கள் ஆண்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த இரண்டாவது மாடி ஆயிஷா அக்கா சலோமியின் கண்ணிமையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "மேல கொண்டுபோனா வெயில்லயே முடிஞ்சுடும். முதல்ல கீழ எறக்குங்க, சூடு அடங்கட்டும்" என்றாள். சேலையை விரித்து அதில் படுக்கவைத்து இறக்கினார்கள். தாட்சாயணி தலைப்பக்கம் பிடித்துக்கொண்டு பின்புறமாகவே முப்பது படி இறங்கினாள்.

ஊற்றுத் தண்ணீரில் துணி நனைத்து நனைத்து, கழுத்திலும் அக்குளிலும் பாதத்திலும் வைத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து சலோமி கண் திறந்தாள். ஆயிஷா அக்கா காதை வயிற்றில் வைத்துக் கேட்டு, விரலால் எதையோ எண்ணி, தலையசைத்து, எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுத் தானும் ஆம்புலன்ஸுக்குச் சொல்லப் போனாள்.

"இந்த நெலமையில குடம் தூக்கிக்கிட்டு எதுக்குடி எறங்குன?" என்றாள் தாட்சாயணி.

"தண்ணி மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிடலாம்னுதான். படுக்கத்தானே எடம் இல்லன்ன, தண்ணி இல்லங்கலையே."

"ஆளு யாரும் வரல சலோமி. பொய் சொன்னேன்."

"தெரியும். மூணு பேரு பாயில கெடந்தாங்களே, பாத்தேன்."

தாட்சாயணி துணியைப் பிழிந்தாள். பிழிந்த துணியையே மறுபடியும் பிழிந்தாள். "நீ கீழ வரணும்னு நெனச்சேன். ஆறு வருஷமா நெனச்சேன். அதான் பில்டிங்கே எறங்கிடுச்சு."

சலோமி வெடித்த உதட்டோடு சிரித்தாள். "நீ நெனச்சு பில்டிங் எறங்குமா? ஓடிவந்தாகூட நம்ம கம்பெனி பஸ்ஸு உனக்காக நிக்காது." பிறகு சிரிப்பு நின்றது. கூரையைப் பார்த்துக்கொண்டே, "இது மூணாவது, தெரியுமா உனக்கு?" என்றாள்.

"இன்னா மூணாவது?"

"வயித்துல இருக்கிறது. முன்னால ரெண்டும் இந்தப் படியிலதான் போச்சு. லிஃப்ட் ஓடாத மாசம். அரிசி மூட்டையைத் தூக்கிக்கிட்டு ஏறுனப்ப ஒண்ணு. சும்மா ஏறுனப்ப ஒண்ணு."

"எங்கிட்ட ஜுரம்னு சொன்ன. ரெண்டு தரமும் ஜுரம்னுதான் சொன்ன."

"உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு எங்க மாமியா சொல்லிடுச்சு. உனக்குப் பொறாமைக் கண்ணாம்."

தாட்சாயணி கேட்கக் கூடாது என்று நினைத்தும் கேட்டாள். "நீ நம்புனியா?"

சலோமி கழுத்திலிருந்த ஈரத்துணியை எடுத்துக் கையில் மடித்தாள். "முதல் தரம் நம்பல" என்றாள். "ரெண்டாவது தரம் நம்புனேன்."

தாட்சாயணி எழுந்து சமையலறைக்குப் போய், ஊற்றுக்கு எதிரே நின்றாள். நாலாவது மாடியில் இருந்ததையெல்லாம் அவள் ஆறு வருஷமாக எண்ணி வைத்திருந்தாள்: காற்று, மலை, மேகம், திரைச்சீலை. அந்த வீட்டில் இல்லாமல் போனதை எண்ணியதில்லை. அந்தத் திரைச்சீலை ஆடிய எத்தனையோ சாயங்காலங்களில் ஏதோ இரண்டு சாயங்காலங்கள், அதற்குப் பின்னால் சலோமி சுருண்டு படுத்திருந்தவை. அவள் கீழே நின்று அதே துணியைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறாள். முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு திரும்பி வந்தவள் வீட்டுச் சாவியைச் சலோமியின் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

"ஆஸ்பத்திரியிலேருந்து நேரா இங்க வந்துடு. கொழந்த பொறக்கிற வரைக்கும் இது உன் வூடு. நாங்க மேல போறோம்."

ஏகாம்பரம் இரண்டு நாள் முணுமுணுத்தார். சொந்த வீட்டுக் குளிர்ச்சியை விட்டுவிட்டு எவளாவது அடுப்புக்குள் போய்க் குடியிருப்பாளா என்று கேட்டார். தாட்சாயணி பாயைச் சுருட்டினாள். கத்திரியின் மிச்ச நாட்களை இரண்டு பேரும் நனைத்த கோணிக்கு அடியில் கழித்தார்கள். காலையிலும் மத்தியானத்திலும் அவள் கஞ்சித் தூக்கோடு எண்பது படி இறங்கி ஏறினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரைத் தொட்டுவிட்டுத்தான் போனாள்.

ஆனி மாதக் கடைசியில் சலோமிக்கு வலி கண்டது. கோதண்டராமன் தன் சாய்வு நாற்காலியைக் கொடுக்க, அதில் உட்காரவைத்து ஆறு பேர் மாற்றி மாற்றித் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். பெண் குழந்தை. ரூத் என்று பெயர் வைத்து, அதே நாற்காலியில் திருப்பி இறக்கினார்கள்.

ஆடி மாதத்தில் முதல் பெருமழை பெய்து, மறுநாள் செவ்வாய்க்கிழமை, பாலுக்கும் பேப்பருக்கும் நடுவில், சி பிளாக் ஒரு மாடி எழும்பியது. யாரும் ஆச்சரியப்படவில்லை. வெல்டிங்காரர் அறுத்த கம்பிகளைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார், ஒவ்வொரு வாரமும் ஒரு மாடிக்குத் திரும்பப் பொருத்தினார். ஜன்னல்களிலிருந்து வேர்கள் நழுவி இறங்கின, மாட்டியிருந்த சாவிக்கொத்துகள் இரண்டு மூன்று பூமியோடு போயின. ஊற்று நின்றது. நாலு வாரத்தில் கட்டடம் முன்பிருந்த உயரத்துக்கு வந்துவிட, கோதண்டராமன் நீலக்கோட்டைச் சுண்ணாம்பால் அழித்தார். சலோமி வீட்டில் குடியிருந்த தாட்சாயணி, ஒன்றும் செய்யாமலே, நாலாவது மாடிக்கு வந்து சேர்ந்திருந்தாள்.

அவள் சாவியைத் திருப்பிக் கொடுக்கக் கீழே போனபோது சலோமி குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அதை நீயே வெச்சுக்கோ" என்றாள் நிமிராமலே. "இவளைத் தூக்கிக்கிட்டு நான் எண்பது படி ஏற மாட்டேன். அந்தப் படியே எனக்கு வேணாம். சங்கத்துல எழுதிக் குடுத்துடலாம்."

எழுதிக் கொடுத்தார்கள். தாட்சாயணிக்குக் காற்று கிடைத்தது, மலை கிடைத்தது. முதல் வாரம் முழுக்க அவள் ஜன்னலை மூடவே இல்லை. மேகலா விடுமுறைக்கு வந்து, எவ்வளவு நல்லா இருக்கும்மா என்று சொல்லிவிட்டுப் போனாள். இரண்டாவது வாரம் தாட்சாயணி கீழே பார்க்க ஆரம்பித்தாள்.

கீழ்வீட்டு வாசலில் எப்போதும் யாராவது இருந்தார்கள். கீரைக்காரம்மா கூடையை இறக்கி வைத்துக் குழந்தையைக் கொஞ்சினாள். ஆயிஷா அக்கா ஷிப்ட் முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கோதண்டராமன் பேப்பர் படிக்கிற சாக்கில் நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டார். அத்தனை பேர் சிரிப்பும் சேர்ந்து நான்கு மாடி ஏறிவந்து காற்றோடு அவள் வீட்டுக்குள் நுழைந்தது. அவள் நெஞ்சுக்குக் கீழே அந்தப் பழைய எரிச்சல் மெதுவாகப் புரண்டு படுத்தது. அது எங்கேயும் போயிருக்கவில்லை. தாட்சாயணி அதைக் கண்டு பயப்படவில்லை, கொஞ்ச நேரம் அதோடேயே நின்றாள். பிறகு அடுப்பை அணைத்தாள்.

"எங்க?" என்றார் ஏகாம்பரம்.

"கீழ போயிட்டு வர்றேன்."

லிஃப்ட் ஓடவில்லை. எண்பது படியும் இறங்கிப் போனாள். மூச்சு வாங்க வந்து நின்றவளை சலோமி ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா தாட்சா, மேல காத்து இல்லையா?"

"காத்து நல்லாத்தான் வருது" என்றாள் தாட்சாயணி. "உங்களையெல்லாம் பாத்தாதான் வயிறு எரியுது."

ஆயிஷா அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சலோமி சிரிக்கவில்லை. வாசற்படியில் கொஞ்சம் நகர்ந்து, ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு, தாட்சாயணி சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்ததும், குழந்தையைத் தூக்கி அவள் மடியில் போட்டாள்.